கோப்பி இலை சொன்ன பாடம்

ஹேவாஹெட்டயில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டபோது, மலையகத்தின் பெரும்பயிர் கோப்பிதான். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றியது. மண்ணும் காலநிலையும் மரத்தை நலிவடையச் செய்ததே நோய்க்குக் காரணம் என்று துரைமார் பலர் நம்பினர். 1880இல் இலங்கை வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளில் காற்றில் மிதந்துவந்த பங்கசு வித்திகளைப் பிடித்தார்; நல்ல இலையில் அவ்வித்திகளை இட்டு நோய் வளர்வதையும் காட்டினார். பழைய விளக்கம் சாய்ந்தது.

அந்த அறிவு கோப்பியைக் காக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், காக்கவில்லை. ஆனால் மலை முழுதும் ஒரே பயிரை நடுவதன் ஆபத்தை அதுவே விளக்கியது. மாறும் கருத்தை எப்படி நம்புவது என்றும் கேட்கலாம். சான்று கண்டு மாறுவதால்தான் விஞ்ஞானம் நம்பிக்கைக்கு உரியது.