கோடையில் கொத்தமல்லி

மார்கழியில் காய்கறி வாங்கினால் கடைக்காரர் கொத்தமல்லியைக் கொசுறாகப் போடுவார். சித்திரையில் அதற்குத் தனி விலை. சூடேறிய மண்ணில் கொத்தமல்லி விதை சரியாக முளைக்காது. முளைத்தாலும், வெப்பம் மிகுந்ததும் செடி இலை விடுவதைக் குறைத்துப் பூக்கத் தொடங்கிவிடும்.

ஒரகடம் போன்ற சமவெளிகளில் மே மாதப் பகல் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில், உயரத்தின் காரணமாகவே ஐந்தாறு டிகிரி குறைவு. அந்த ஐந்தாறு டிகிரியை ஒரகடத்தில் உண்டாக்க முடியுமா?

குளிர்நாட்டார் கண்ணாடி வீட்டில் காய்கறி வளர்க்கிறார்கள். அது ஏன் சூடாகிறது? கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடுவதில்லை என்று படித்திருப்பீர்கள். 1909-இல் அமெரிக்க இயற்பியலார் ஆர். டபிள்யூ. உட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றின் மூடி கண்ணாடி. மற்றதன் மூடி அகச்சிவப்பை வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை! சூடான காற்று வெளியேற வழியில்லாததே முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு.

ஆகவே, நம் ஊரில் நாற்புறமும் அடைத்த பாலித்தீன் குடில் ஓர் அடுப்புதான். கூரை முகட்டில் திறப்பு வேண்டும். ஒரகடம் சிப்காட் பக்கம் போனால் தொழிற்சாலைக் கூரைகளில் சுழலும் காற்றுப் போக்கிகளைப் பாருங்கள், தத்துவம் ஒன்றே.

கொத்தமல்லிக்குக் குடிலும் வேண்டாம். பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை போதும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சுமார் 1000 வாட் ஆற்றல் பாதியாகும். காற்றின் வெப்பநிலை அதிகம் மாறாது. மண்ணும் இலையும்தான் குளிரும். விதைக்கு வேண்டியதும் அதுதானே?

காற்றையே குளிர்விக்க நீர் ஆவியாக வேண்டும். குடிலின் ஒரு சுவரில் நனைந்த அட்டைத் திண்டு, எதிர்ச்சுவரில் விசிறி. ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே போக முடியாது. 40 டிகிரி, 40 விழுக்காடு ஈரப்பதம் என்றால் அந்த எல்லை சுமார் 28 டிகிரி. நடைமுறையில் 30, 31 கிடைக்கலாம். நாம் கேட்டதைவிட அதிகம்!

தக்காளிக்கு இது போதாது. இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் அதன் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இரவில் நிழல்வலைக்கு வேலையில்லை. கடற்காற்றின் ஈரத்தில் நனைந்த திண்டும் சற்றே உதவும். கோடையில் அந்தப் பாத்தியை வெண்டைக்கும் கொத்தவரைக்கும் விட்டுவிடலாம்.