அப்பீல் கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

“தீர்ப்புக் காப்பி இன்னும் கைக்கு வரவில்லை, வந்த பிறகு அப்பீல் போட்டுக்கொள்ளலாம்.” நம் அம்பாசமுத்திரம் கடைவீதியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாக்கி வழக்கானாலும் வரித் தகராறானாலும், இந்த எண்ணம் ஒன்றே அப்பீல் உரிமையைப் போக்கடித்துவிடும். ஆகவே நம் வணிகப் பெருமக்கள் சில விவரங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சிவில் வழக்கு. பாக்கிக்காரர் மேல் முன்சீப் கோர்ட்டில் போட்ட வழக்கு தோற்றுவிட்டால், சப் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள் கெடு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இது டிக்ரி தேதியிலிருந்தே ஓடுகிறது. தீர்ப்புச் சொன்ன நாளைக் கழித்துக்கொள்ளலாம். நகல் மனு போட்டது முதல் நகல் தயாராகும்வரை ஆகும் நாட்களையும் 12-ஆவது பிரிவு கழித்துத் தருகிறது. மனுப் போடாமல் சும்மா இருந்த நாட்களுக்குக் கழிவு கிடையாது. 25 நாள் கழித்து மனுப் போட்டவருக்கு, நகல் வந்தபின் மிஞ்சுவது ஐந்தே நாள். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தைக் கோர்ட் மன்னிக்கலாம். மன்னித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

திருச்சி சேதர் லிமிடெட் கம்பெனி விவகாரம் இதற்குச் சரியான பாடம். சென்னையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 31-12-2019 அன்று உத்தரவைப் பகிரங்கமாக அறிவித்தது. திவால் சட்டப்படி அப்பீலுக்கு 30 நாள், கருணையாக மேலும் 15 நாள். 14-2-2020 அன்று எல்லாம் முடிந்தது. இலவச நகலுக்குக் காத்திருந்து ஜூன் மாதம் அப்பீல் போட்டார்கள். 22-10-2021 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ஏற்க மறுத்துவிட்டது. அறிவித்த நாளிலிருந்தே கெடு ஓடும், நகலுக்கு மனுப் போடுவது அப்பீல்காரர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது.

நமக்குத் தெரியாமல் ஆபீஸ் அறைக்குள்ளேயே எழுதப்படும் உத்தரவுகளுக்கு நியாயம் வேறு. நில எல்லை பற்றிய ஒரு வழக்கில், சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்த பிறகே கெடு தொடங்கும் என்று சென்னை ஹைகோர்ட் 1883-லேயே கூறியது. சுப்ரீம் கோர்ட்டும் 1961-ல் நில ஆர்ஜித வழக்கொன்றில் இதை ஒப்புக்கொண்டது.

ஜி.எஸ்.டி. சட்டம் 107-ஆவது பிரிவும் இதே வழியில், உத்தரவு தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் தருகிறது. ஜூன் 10-ல் தெரிவித்திருந்தால் செப்டம்பர் 10 வரை. தக்க காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். அதற்குமேல் மன்னிக்க அப்பீல் அதிகாரிக்கு அதிகாரமில்லை. ஒப்புக்கொண்ட வரி முழுவதையும், தகராறிலுள்ள வரியில் 10 சதவீதத்தையும் முன்கூட்டிக் கட்டவேண்டும். அந்தப் பணத்தைப் புரட்டவும் நாள் வேண்டுமல்லவா?

இங்கே ‘தெரிவித்தல்’ என்பது தபால்காரர் கையெழுத்து வாங்குவது மட்டுமல்ல. ஈமெயிலில் அனுப்புவதையும் போர்ட்டலில் ஏற்றுவதையும் 169-ஆவது பிரிவு சார்வு செய்யும் முறைகளாகவே சொல்கிறது. போர்ட்டலில் ஏற்றினால் மட்டும் போதுமா என்று ஹைகோர்ட்டுகளில் வழக்குகள் நடந்ததுண்டு. அந்த வாதத்தை நம்பிக் கெடுவை விட்டால், மதுரைக்கு அலைச்சலும் வக்கீல் செலவும்தான் மிச்சம்.

ஆகவே வாரம் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து பாருங்கள். எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கவேண்டாம். உத்தரவு வந்த கவரைக் கிழித்தெறியாமல், வந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னால் மறுநாளே நகல் மனுப் போடச் சொல்லுங்கள். வட்டிக்கு நாள் கணக்குப் பார்க்கும் நாம், அப்பீலுக்கும் பார்ப்போமாக.