சீமெந்து மூட்டையும் கடலடிப் பாறையும்

எங்கள் ருவன்வெல்லைக் கடைக்குச் சீமெந்து வாங்க வரும் தோட்டத்துச் சகோதரர்களுக்கு 2016 மே 17 நன்றாக நினைவிருக்கிறது. அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்த நாள் அது. அத்தகைய கடும் மழையைப் பெருக்கும் புவி வெப்பமேற்றத்தில் இந்த மூட்டைக்கும் பங்குண்டு என்றால் சிரிப்பார்கள்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே காபனீரொட்சைட்டு பிரிகிறது. சீமெந்து ஆலை வெளியிடுவதில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படி வருவதுதான். எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குச் சூரியனும் காற்றும் மாற்றாக உண்டு, புத்தளத்துச் சீமெந்துச் சூளைக்கு அது இல்லை.

நோர்வேயின் பிரெவிக் சீமெந்து ஆலை 2025இல் ஒரு வழியைத் தொடங்கியது. புகையிலுள்ள காபனீரொட்சைட்டை அமீன் கரைசல் உறிஞ்சுகிறது. கரைசலைச் சூடாக்கி அதைப் பிரித்து, திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். பின்னர் குழாய்வழியே கடலடிக்குக் கீழ் சுமார் 2,600 மீற்றர் ஆழத்து மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். மேலே இறுகிய பாறை மூடியாக நிற்கிறது. கசியாதா? அதே நாட்டின் ஸ்லைப்னர் களத்தில் 1996 முதல் இப்படிப் புதைக்கிறார்கள், கண்காணிப்பில் கசிவு தென்படவில்லை.

ஆனாலும் பிரெவிக்கில் பிடிபடுவது ஆண்டுக்கு 4 இலட்சம் தொன், ஆலை வெளியிடுவதில் பாதிதான். செலவின் பெரும்பகுதியை நோர்வே அரசே சுமக்கிறது. இங்கே அதை மூட்டை விலையில் ஏற்றினால், லயன் அறையை விட்டு வெளியேற வீடு கட்டுகிறவரே கட்ட வேண்டிவரும். அது நியாயமில்லை என்பதே என் கருத்து.