அந்தியில் தடுமாறும் பிள்ளை

மஃரிப் நேரம். விளக்கு இன்னும் போடவில்லை. ஓடிவந்த பிள்ளை வாசற்படியில் இடறி விழுகிறது. "கண் தெரியல்லியா?" என்று அதட்டுகிறோம்.

சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள். பகலில் நன்றாகப் பார்க்கும் பிள்ளை அந்தியில் மட்டும் அடிக்கடி இடறினால், அது மாலைக்கண்ணாக இருக்கலாம். தனக்குப் பார்வை மங்குகிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

மங்கிய ஒளியில் பார்க்க உதவும் நிறப்பொருளை விழித்திரை விற்றமின் ஏ கொண்டே உண்டாக்குகிறது. அது குறைந்தால் முதலில் இரவுப் பார்வை குறையும். பின்பு வெண்விழி வரண்டு, நுரை போன்ற புள்ளிகள் தோன்றும். கவனியாவிட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே பறிபோகலாம்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1930களில் கொழும்பில் பணியாற்றிய டொக்டர் லூசியஸ் நிக்கல்ஸ் இக்குறைபாடு பற்றி எழுதியிருக்கிறார். ஆபத்து கண்ணோடு நிற்பதுமில்லை. இந்தோனேசியாவின் ஆச்சேயில் நடந்து 1986இல் வெளியான ஆய்வில், விற்றமின் ஏ கொடுக்கப்பட்ட கிராமங்களில் சிறுவர் மரணம் சுமார் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது.

பரிகாரமோ வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சந்தைகளிலேயே கிடைக்கிறது: பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை, கரட், பழுத்த பப்பாசி. கீரையில் கொஞ்சம் தேங்காய்ப்பால் சேருங்கள். கொழுப்போடு உண்டால்தான் இச்சத்து உடலில் நன்கு சேரும். முட்டை மஞ்சட்கருவும் நல்லது.

விற்றமின் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், மிஞ்சினால் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம். பெரியவர்களின் மாலைக்கண்ணுக்கு வெண்புரையோ பரம்பரை நோயோ காரணமாகலாம். யாராயினும் டொக்டரிடம் காட்டுங்கள்.

இனிப் பிள்ளை இடறினால் அதட்டாதீர்கள். அருகில் அழைத்து, "எந்த நேரத்தில் கண் மங்குது, மகன்?" என்று கேளுங்கள்.