முட்டி போட்டு வீட்டைச் சுற்றி வந்த அப்பா!

ஆயிரம் ரூபாய்க்குள் வீடு அழகாச்சு. குழந்தைக்கும் பயம் இல்லை

(நமது நிருபர்)

கொலை, கொள்ளை, குழாயடிச் சண்டை. இந்த நிருபர் தினமும் எழுதுவது இதைத்தான். இன்றைக்கு வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிறார்.

"உனக்கு எதுக்கப்பா இந்த வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

போலீஸ் நிலையங்களைச் சுற்றி வரும்போது, அவ்வப்போது நாலு வரிச் செய்தி ஒன்று கிடைக்கும். "வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்த குழந்தை சாவு." "கொதிக்கும் ரசம் கொட்டி சிறுமி படுகாயம்." "தூளிச் சேலை கழுத்தை இறுக்கி சிறுவன் பலி."

கொலைகாரன் கிடையாது. திருடன் கிடையாது. வீட்டுக்குள்ளேயே, அம்மா அடுத்த அறையில் இருக்கும்போதே எல்லாம் முடிந்து விடுகிறது. அந்த நாலு வரிக்கு மேல் எழுதவும் ஒன்றும் இருப்பதில்லை.

எழுத வேண்டியது எல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது. வாளி ஏன் அங்கே இருந்தது? ரசச் சட்டி ஏன் தரையில் இருந்தது? அதைக் கேட்டுக்கொண்டு போனபோதுதான் பெரம்பூரில் அந்த வீட்டைப் பார்த்தோம்.

பத்துக்குப் பன்னிரண்டு

முதல் மாடி. வாடகை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை. ஒட்டினாற்போல் சமையல்கட்டு. வெளியே மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான தாழ்வாரம். அப்பா, அம்மா, பாட்டி, நாலரை வயதுப் பெண், ஒன்றரை வயதுப் பையன். ஆக ஐந்து பேர்.

அப்பாவுக்குப் பாரிமுனையில் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க் வேலை. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் பளிச்சென்று இருக்கிறது!

வெள்ளைச் சுவர். பச்சைக்கரைச் சேலையில் ஜன்னல் திரை. ஒரு மூலையில் கரும்பலகை போல ஒரு சுவர். அதில் சாக்பீசில் ஒரு யானை. யானைக்கு ஆறு கால்!

"யானைக்கு ஏம்மா ஆறு கால்?" என்று கேட்டோம்.

"வேகமா ஓடறதுக்கு" என்றாள் பெண்.

அவள் சாக்பீஸ் பிடித்திருந்த கையைப் பார்த்தோம். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் போயிருந்தது.

அன்று நடந்தது என்ன?

குழந்தையின் அம்மா கூறியதாவது:-

"மூணு வருஷம் ஆச்சு சார். அப்ப இவளுக்கு ஒன்றரை வயசு. ரசத்தை இறக்கித் தரையில வச்சுட்டு அப்பளம் பொரிக்கத் திரும்பினேன். அவ்ளோதான். சட்டி விளிம்பைப் பிடிச்சு எழுந்து நிக்கப் பார்த்திருக்கா. ஒரே அலறல். கைகால் ஓடல. பக்கத்து வீட்டுல தோசை மாவைத் தடவச் சொன்னாங்க, தடவினோம். ஆஸ்பத்திரியில அதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள பிள்ளை துடிச்சுப் போச்சு.

ஊரே என்னைத்தான் திட்டிச்சு. 'அம்மாக்காரி என்ன பண்ணிட்டு இருந்தா?'ன்னு. நான் சமைச்சிட்டு இருந்தேன் சார்."

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு காரியம் செய்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி போட்டார். குழந்தை மாதிரித் தவழ்ந்தே வீடு முழுவதும் சுற்றி வந்தார்.

"அக்கம்பக்கத்துல சிரிச்சாங்க. ஆனா அன்னைக்குத்தான் நான் என் வீட்டைப் பார்த்தேன். பிளக் பாயிண்ட் கண்ணுக்கு நேரா இருக்கு. அயர்ன் பாக்ஸ் ஒயர் கைக்கு எட்டுது. கட்டிலுக்கு அடியில எலி மருந்து! நின்னுக்கிட்டுப் பார்த்தா ஒண்ணுமே தெரியல சார்" என்கிறார் அவர்.

அன்று போட்ட பட்டியல்தான் இந்த அலங்காரம். வீடு அழகானதும் ஆபத்து குறைந்ததும் ஒரே செலவில் நடந்திருக்கிறது.

சுவருக்குச் சுண்ணாம்பு

பழைய சுவரில் எண்ணெய் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்ததாம். குழந்தை அதைப் பிய்த்து வாயில் போடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடும்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. ஆகவே வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். அதற்கு முன் அடித்த சுவரை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தூசி பறக்கும். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். அன்று முழுவதும் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

இவர்கள் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். கொஞ்சம் நீலம் கலந்ததால் பளிச்சென்று இருக்கிறது. சின்ன அறை பெரிதாகத் தெரிகிறது. ஒரு மூலையில் மட்டும் மூன்றடி உயரத்துக்கு ஸ்லேட் பெயிண்ட். பிள்ளைகள் கிறுக்குவது அங்கேதான்.

சுண்ணாம்பு அடிக்கும்போது கவனம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வெற்றிலை போடும் பாட்டிமார்களின் சுண்ணாம்பு பாக்கெட்டும் அப்படித்தான். குழந்தை அதை அழுத்தினால் நேரே கண்ணில் பீச்சும். பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

பழைய சேலை, புதுத் திரை

திரைக்குக் காசே செலவில்லை. நூல் சேலை ஒன்றை நாலாக வெட்டி மடித்துத் தைத்தார்கள். தரையில் புரளாமல் ஒரு ஜாண் மேலே நிற்கிறது. புரண்டால் குழந்தை பிடித்து இழுக்கும். தொங்கும் கயிறு வைக்கவில்லை. அடுப்பு ஜன்னலுக்குத் திரையே கிடையாது.

சேலை மிச்சம் இல்லாதவர்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துண்டுத் துணி பார்க்கலாம். பழைய மர சாமானுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பேரம் பேசத் தெரிய வேண்டும்!

பீரோ, டி.வி. இரண்டையும் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கி இருக்கிறார்கள். இழுப்பறையை இழுத்து அதன்மேல் பிள்ளை ஏறினால் பீரோ அப்படியே முன்னால் சாயும். பீரோ தலையில் இருந்த இரும்புப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. மேஜை முனைகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் கலர் காகிதம். பார்க்க அலங்காரம் மாதிரியே இருக்கிறது!

சமையல்கட்டுக்குத் தடுப்பு

வாசலில் இரண்டடி உயரத்துக்கு மரப் பலகைக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். பழைய கதவுப் பலகையில் செய்தது. பெண்ணின் அப்பா அதில் மீன் படம் வரைந்திருக்கிறார்.

ரசம், சாம்பார், வடித்த கஞ்சி எதுவும் தரைக்கு வருவதில்லை. எல்லாம் மேடையில், சுவர் ஓரமாக. வாணலிக் காம்பு உள்பக்கம் பார்த்து இருக்கும்.

இத்தனைக்கும் மீறிச் சூடு பட்டால்? குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். மாவு, மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஆம்புலன்சுக்கு 108.

டிரம்மும் வாளியும்

சென்னைக்காரன் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இருக்க மாட்டான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்து நின்றது யாருக்கு மறக்கும்? அதனால் எல்லா வீட்டிலும் டிரம், குடம், வாளி.

ஆனால் தவழும் பிள்ளைக்கு இரண்டு அங்குலத் தண்ணீரே எமன். தலை கனம். கவிழ்ந்தால் தூக்கத் தெரியாது. சத்தமே வராது. இந்த வீட்டில் டிரம்முக்கு மூடி போட்டு ரப்பர் பட்டையால் இறுக்கி இருக்கிறார்கள். வேலை முடிந்த வாளி கவிழ்த்து வைக்கப்படும். குளியல் அறைத் தாழ்ப்பாள் உயரத்தில்.

வாளியில் ஹீட்டர் ராடு போடும் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். கரண்ட் கசிந்தால் தானே அறுந்து விழும் சுவிட்சையும் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு வீட்டு ஓனர் பாதிப் பணம் கொடுத்தாராம். கேட்டால் கொடுக்கிற ஓனரும் இருக்கிறார்!

தெருவில் மழைநீர் வடிகால் மூடி இல்லை என்றால் மாநகராட்சிக்கு 1913-ல் புகார் கொடுங்கள். வீட்டுத் தொட்டியின் மூடிக்கு நீங்கள்தான் மாநகராட்சி.

தாழ்வாரத்தில் நாற்காலி

2024 ஏப்ரலில் திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடியில் இருந்து விழுந்த கைக்குழந்தை, கீழே தகரக் கூரையில் தங்கியதும், அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியே ஏறி மீட்டதும் நாடே பார்த்த காட்சி. எல்லாப் பிள்ளைக்கும் கீழே கூரை இருக்காது.

கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை நுழையும். கொசுவலைக் கம்பியோ நைலான் வலையோ கட்டலாம். நாற்காலி, பூந்தொட்டி, கட்டில் எதையும் கைப்பிடி ஓரமோ ஜன்னல் ஓரமோ போடாதீர்கள். ஏறுவதற்குப் படி வைத்த மாதிரி ஆகிவிடும்.

இவர்கள் உடைந்த வாளிகளில் பத்துமணிப் பூ வளர்க்கிறார்கள். வாளிகள் எல்லாம் சுவர்ப் பக்கம். அழகுக்காக அரளியை மட்டும் வளர்க்காதீர்கள். இலை, பூ, விதை அத்தனையும் விஷம்.

பாட்டியுடன் உடன்படிக்கை

தூளி விஷயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் வந்ததாம். "ஏழு பிள்ளையைத் தூளியிலதான் தம்பி வளர்த்தேன்" என்கிறார் பாட்டி.

கடைசியில் உடன்படிக்கை ஏற்பட்டது. கைக்குழந்தைக்கு மட்டும் தூளி. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை எழுந்ததும் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகள் தூளியை ஊஞ்சலாக்கி முறுக்கிச் சுற்றும்போதுதான் கழுத்து மாட்டுகிறது.

கேள்வி:- பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்:- முன்னாடி நாள் பூரா "தொடாதே, தொடாதே"ன்னு கத்திட்டு இருப்பேன். அடியும் விழும். இப்ப தொடக் கூடாததே கீழ இல்லை. அடிக்க வேண்டிய அவசியமும் குறைஞ்சு போச்சு.

கேள்வி:- விளையாட்டுச் சாமான்?

பதில்:- கீழ்த் தட்டு பூரா அவங்களோடது. ரெண்டு டம்ளர், மரக் கரண்டி, அம்பாசமுத்திரம் மரச் சொப்பு. காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் படம் போடுவாங்க. மழை நாள்ல சேலையைக் கட்டிக் கூடாரம். கதை சொல்றது பாட்டி.

கேள்வி:- செல்போன்?

பதில்:- சின்னவனுக்குக் கிடையாது. பெரியவளுக்குக் கொஞ்ச நேரம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் அதுதான். இரண்டு வயது முதல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

சட்டைப் பித்தான் அளவில் உள்ள பொம்மை பேட்டரியை மட்டும் பிள்ளை கையில் விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக் குழாயைப் பொசுக்கிவிடும். எலி மருந்து பேஸ்டும் அப்படியே. முதல் நாள் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு ஈரல் கெடும். சந்தேகம் வந்தாலே டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கழிவறை கழுவும் திராவகத்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்றோடு போகட்டும்.

மொத்தம் எவ்வளவு?

அப்பா ஒரு பழைய லாரி ரசீதின் பின்பக்கம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். சுண்ணாம்பு, நீலம், பிரஷ் 250. ஸ்லேட் பெயிண்ட் 180. எல் கிளாம்ப், திருகாணி, துளை போட்ட கூலி 200. பிளக் மூடி ஆறு 60. பலகை, கீல், தாழ்ப்பாள் 250. ஆக 940 ரூபாய். கரண்ட் சுவிட்ச் தனி.

"ஒரு தீபாவளிக்குப் பட்டாசு வாங்கற காசு" என்றார்.

கிளம்பும்போது பெண் யானையைக் காட்டி, "மாமா, இதுக்குப் பேரு வையுங்க" என்றாள். சின்னவன் மீன் கதவைப் பிடித்துக்கொண்டு குதித்தான். உள்ளே மேடையில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

இன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். முட்டி போடுங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.