சில்லின் நடுவே ஒரு மூடி

பழைய கார் ஒன்றை ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சில்லின் நடுவிலுள்ள வட்ட மூடிகளில் ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிடும். அந்த மொடலுக்குரிய மூடி இப்போது தயாரிப்பில் இராது. லேத் வேலை தெரிந்தவருக்கோ இது ஓர் ஓய்வுநாள் வேலைதான்.

எம்மவரிடையே அவ்வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. 1990களில் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த இரும்பில் பாகங்களைக் கடைந்து கொடுத்த பட்டறைகளே அவற்றை ஓடவைத்தன. அந்தக் கைகள் பல இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் வேறு வேலை செய்கின்றன.

அளவெடுத்தல்

வேணியர் இடுக்கிமானியால் துவாரத்தின் விட்டம், ஆழம், உட்புறக் காடி இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். விட்டத்தை இரண்டு மூன்று திசைகளில் அளப்பது நல்லது. உள்ளே அச்சின் முனையும் நட்டும் எவ்வளவு நீட்டி நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். மூடி அவற்றில் முட்டக்கூடாது.

எந்த உலோகம்?

அலோய் சில்லுக்கு அலுமினியமே பொருத்தம். கனடா, நோர்வே, ஜேர்மனி போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்புநீரில் அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே அரிபடும். மூடியை அழகாக்கப் போய்ச் சில்லைக் கெடுத்ததாக முடியும். அலுமினிய மூடியென்றால் சூட்டிலும் குளிரிலும் சில்லோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். 6061 என்னும் கலப்புலோகம் கடைவதற்கு ஏற்றது.

பிடிமானம்

பிளாஸ்ரிக் மூடி தன் நகங்கள் வளைந்து கௌவுவதால் நிற்கிறது. கட்டி உலோகம் அப்படி வளையாது. ஆகவே மூடியின் கழுத்தைத் துவாரத்தைவிடச் சற்று ஒடுக்கமாகக் கடைந்து, சுற்றிவரக் காடி வெட்டி, அதில் இறப்பர் வளையமோ வில்லுக்கம்பி வளையமோ இட வேண்டும். அது சில்லின் உட்காடியில் விழுந்து பிடிக்கும். கம்பியென்றால் சிறிது கிறீஸ் பூசுங்கள்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 14 தடவை சுழல்கிறது. அப்போது கழன்று பறக்கும் உலோகத்துண்டு பின்னால் வருபவருக்கு ஆபத்து. ஆகவே முதலில் ஒன்றை மட்டும் செய்து பொருத்திப் பாருங்கள். கையால் இழுத்தவுடன் வந்துவிட்டால் அதைப் பூட்டவேண்டாம்.

இன்னுமொன்று: கார்க் கம்பனியின் சின்னத்தை அனுமதியின்றிப் பொறித்து விற்பது சட்டப்படி குற்றமாகலாம். அதற்குப் பதில் உங்கள் பிள்ளையின் பெயரெழுத்தைப் பொறியுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிட மறக்காதீர்கள்.