கொல்லிமலையில் ஒரு சுவைப் பயணம்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்ததும் பசி எடுக்கும். வழிகாட்டி வேண்டாம், நாக்கே வழி சொல்லும்.

முதலில் சோளக்காடு சந்தை. மலைவாழை, அன்னாசி, பலா, மிளகு என்று மலையின் விளைச்சல் அங்கே குவிந்திருக்கும். அடுத்து அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம். அங்கே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் படர்ந்து வளரும் இந்தக் கிழங்கு, ஆட்டுக்கால் போலவே ரோமத்துடன் இருக்கும். தோல் சீவி, மிளகு சீரகத்தோடு கொதிக்கவைத்த சூப்பைக் குடித்தால் தொண்டைக்கு இதம்.

மலையாளிப் பழங்குடி மக்களின் பரம்பரை உணவு சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும். சாமையை உரலில் குத்துவது பெண்களுக்குப் பெரும்பாடு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களுக்கு அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்து அந்தச் சுமையைக் குறைத்தது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இந்த மலைக்கோ சிறுதானியம் தலைமுறை தலைமுறையான உணவு.

சங்ககால மன்னன் வல்வில் ஓரி ஆண்ட இந்த மலைக்குப் போகிறவர்கள் ஒரு படி சாமை வாங்கி வாருங்கள். விதைத்தவர் வீட்டில் அடுப்பெரியும். அந்தப் பயிரும் அழியாமல் நிலைக்கும்.